பறிக்கப்பட்ட உரிமம் திரும்பும் வழி

சாலை விதிகளை மீறுவோரின் ஓட்டுநர் உரிமத்தைத் தற்காலிகமாக ரத்து செய்வது இன்று வழக்கமான நடவடிக்கைகளுள் ஒன்றாகிவிட்டது. 'இத்தனை பேரின் உரிமம் ரத்து' என்னும் அறிவிப்பு அவ்வப்போது வெளியாகிறது. அவ்வாறு ரத்தான உரிமங்களுள் எத்தனை உரிய காலத்தில் உரியவரிடம் திரும்பின, திரும்பப் பெற்றவர்களில் எத்தனை பேர் திருந்தினர் என்பது பற்றி நாம் பேசுவதே இல்லை. தண்டனையின் பயன் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

2021-இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த பல்லாவரத்தை எடுத்துக்கொள்வோம். காலை நேரத்தில் பம்மலிலிருந்தும், அனகாபுத்தூரிலிருந்தும், திருநீர்மலையிலிருந்தும் புறப்படும் இருசக்கர வாகனங்கள் ஜிஎஸ்டி சாலையில் வந்து சேர்கின்றன. விமான நிலையத்துக்குச் சரக்கு கையாளச் செல்பவர், பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி சாலை வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள நிறுவனங்களுக்குச் செல்பவர், உணவுப் பொட்டலம் விநியோகிப்பவர், கால் டாக்சி ஓட்டுபவர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் என அத்தனை பேரும் ஒரே நெரிசலில் நகர்கின்றனர். இவர்களில் பலருக்கு ஓட்டுநர் உரிமம் வெறும் அடையாள அட்டை அன்று. அன்றாட வருமானத்துக்கான மூலதனம்.

இதைக் கூறுவதால், உரிமத்தைப் பறிக்கவே கூடாது என்று வாதிடுவதாக எவரும் கருத வேண்டாம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவுடன் முதலிடத்தில் இருந்ததும் தமிழ்நாடுதான். தலைக்கவசம் அணியாததால் மட்டும் நாடு முழுவதும் 50,029 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. மரணங்களில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம். இத்தகைய நிலையில் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

இன்றைய கடுமைக்கு வித்திட்டதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, 2014-இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், குடிபோதையில் ஓட்டுதல், கைப்பேசியில் பேசியபடி ஓட்டுதல், சரக்கு வாகனத்தில் அதிக பாரம் ஏற்றுதல், அதில் ஆட்களை ஏற்றிச் செல்லுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது 3 மாதங்கள் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015 ஆகஸ்டில் அக்குழு மாநிலங்களைப் பணித்தது. பின்னர் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், தலைக்கவசம் அணியாமல் ஓட்டுவதற்கும் இருசக்கர வாகனத்தில் மூவர் செல்வதற்கும் ரூ.1,000 அபராதத்துடன் 3 மாத உரிமத் தகுதியிழப்பையும் சேர்த்தது.

அபராதத்துக்கும் உரிமப் பறிப்புக்கும் பொருளாதார நோக்கில் அடிப்படையான வேறுபாடு உண்டு. அபராதம் ஒரு விலை. செலுத்தியவுடன் கணக்கு முடிந்துவிடும். வசதி படைத்தவர் அதனை வாகன நிறுத்தக் கட்டணம்போலக் கருதலாம். உரிமப் பறிப்போ ஒருவரது காலத்தின் மீது விதிக்கப்படும் தண்டனை. மூன்று மாதத்தைப் பணம் கொடுத்துச் சுருக்கிவிட முடியாது. அந்த வகையில் அது அபராதத்தைவிடச் சமத்துவமான தண்டனையாகவே தோன்றும்.

இத்துறையில் முன்னோடியான கேரி பெக்கர், குற்றமும் தண்டனையும் குறித்த தமது புகழ்பெற்ற ஆய்வுரையை 1968-இல் வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குத் தாமதமாகிவிட்டபோது, காரை முறையான இடத்தில் நிறுத்துவதா, தெருவில் விதியை மீறி நிறுத்தி அபராதத்துக்குத் துணிவதா என்று கணக்கிட்டதிலிருந்தே அச்சிந்தனை பிறந்ததாக அவர் பின்னாளில் தமது நோபல் உரையில் குறிப்பிட்டார். தண்டனையின் அளவு, பிடிபடுவதற்கான வாய்ப்பு ஆகிய இரண்டையும் பெருக்கிப் பார்த்தே மனிதர் முடிவெடுக்கிறார் என்பது அதன் சாரம்.

ரூ.1,000 அபராதத்துக்குரிய தவறில் 200 முறைக்கு ஒருமுறைதான் ஒருவர் பிடிபடுவார் எனக் கொண்டால், ஒவ்வொரு மீறலின் எதிர்பார்ப்புச் செலவு வெறும் 5 ரூபாய். அபராதத்தைப் பத்து மடங்காக்குவதும் பிடிபடும் வாய்ப்பைப் பத்து மடங்காக்குவதும் கணக்கில் ஒன்றே. ஆனால், நடைமுறையில் தண்டனையின் உறுதியே அதன் கடுமையைவிட மனிதரைக் கட்டுப்படுத்துகிறது. என்றோ ஒருநாள் எவரோ ஒருவருக்கு விழும் பேரிடியை மற்றவர்கள் விதி என்று எண்ணிக் கடந்துவிடுவர்.

உரிமப் பறிப்பு உண்மையில் சமத்துவமானதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். பல்லாவரத்தில் உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஒருவர் செலவு போக நாளொன்றுக்கு ரூ.700 வீதம் மாதம் 26 நாள்கள் ஈட்டுவதாகக் கொள்வோம். மூன்று மாதத்தில் அவர் இழப்பது ரூ.54,600. அதே தவறுக்கு உரிமத்தை இழந்த, மாதம் ரூ.2 லட்சம் ஊதியம் பெறும் ஒருவர், ரூ.20,000 கொடுத்து ஓட்டுநரை அமர்த்திக்கொண்டால் அவருக்கு மூன்று மாதச் செலவு ரூ.60,000. தொகை ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவருக்கு அது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. மற்றவருக்கு முழு வருமானம். முன்னவர் 'ஆக்டிங் டிரைவர்' வைத்துக்கொள்கிறார். பின்னவர் கந்துவட்டிக்குக் கடன் வாங்குகிறார். பின்லாந்து போன்ற நாடுகள், பெரிய மீறல்களுக்கான அபராதத்தை ஓட்டுநரின் அன்றாட வருமானத்தோடு பொருத்தி விதிப்பது இத்தகைய ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காகத்தான்.

இன்னொரு சிக்கலும் இதிலுண்டு. ஒருவரிடம் இருப்பது ஒரே உரிமம். கால் டாக்சி ஓட்டுபவர் விடுமுறை நாளில் தலைக்கவசமின்றித் தமது இருசக்கர வாகனத்தில் கடைத்தெருவுக்குச் சென்று பிடிபட்டால், டாக்சி ஓட்டும் தகுதியையும் சேர்த்து இழக்க நேரிடலாம். இதற்கான தீர்வு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, உரிமத்தில் உள்ள 'அனைத்து வகை அல்லது ஏதேனும் ஒரு வகை' வாகனத்தை ஓட்டுவதற்குத் தகுதியிழப்புச் செய்யலாம் என்கிறது. குற்றத்தோடு தொடர்புடைய வாகன வகைக்கு மட்டும் தடையை வரையறுக்க அதிகாரிக்கு இடமிருக்கிறது. அதனைப் பயன்படுத்தும்படி விளக்கத்தில் கேட்கும் உரிமை ஓட்டுநருக்கும் இருக்கிறது.

வருமானத்தை முழுதாக இழப்பவர் மூன்று மாதம் வீட்டில் அமர்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது உலகியல் அறியாமை. அவர்களில் ஒரு பகுதியினர் உரிமமின்றி ஓட்டவே செய்வர். அதன் விளைவு கடுமையானது. தகுதியிழந்த காலத்தில் வாகனம் ஓட்டினால் 182-ஆவது பிரிவின்கீழ் 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். அப்போது விபத்து நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டை வழங்கிவிட்டு, பின்னர் அத்தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிக்க முடியும் என்பது ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறி. ஒரு குடும்பத்தின் வீடும் நகையும் அந்த ஒரு வசூலில் கரைந்துபோகும்.

ரூ.1,000 அபராதத்துக்கும் மூன்று மாத வருமான இழப்புக்கும் இடையே இத்தனை பெரிய இடைவெளி இருக்கும்போது, எந்தத் தண்டனை என்பதைச் சாலையோரத்தில் ஒரு தனிமனிதர் தீர்மானிக்கும் நிலை இருந்தால், அந்த இடைவெளியில் பேரம் நுழையும். இதற்கு எவரது நேர்மையையும் ஐயுற வேண்டியதில்லை. அமைப்பு முறையே அத்தகைய தூண்டுதலை உருவாக்குகிறது. எனவேதான், யாருக்கு எந்த அதிகாரம் என்பதைப் பொதுமக்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

குடிபோதையில் ஓட்டுதல், அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல், தலைக்கவசம் அணியாமை, மூவர் பயணம், அவசர ஊர்திக்கு வழிவிடாமை போன்ற குற்றங்களில் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பும் பொறுப்பைக் காவல் துறைக்கு 206-ஆவது பிரிவு அளிக்கிறது. ஆனால், உரிமத்தை நிறுத்திவைப்பதோ ரத்து செய்வதோ உரிமம் வழங்கும் அதிகாரியின் அதிகாரம். அதாவது, நடைமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலருடையது. இந்த வேறுபாட்டை 2022-இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம் தெளிவாக எடுத்துரைத்தது. விபத்து வழக்கு பதிவானதை மட்டுமே காரணமாகக் கொண்டு, குற்றம் நிரூபணமாகும் முன்பே ஓட்டுநரின் உரிமத்தை முடக்குவது முறையன்று எனச் சென்னை உயர்நீதிமன்றமும் பல வழக்குகளில் கூறியிருக்கிறது.

உரிமத்தைக் கைப்பற்றும் அலுவலர் தற்காலிக ஒப்புகைச் சீட்டு ஒன்றைத் தர வேண்டும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வாகனம் ஓட்டலாம் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. உரிமம் திரும்பும் வரை அச்சீட்டு வாகனம் ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது என்று சட்டமே கூறுகிறது. அப்படியானால், விசாரணை நடைபெறுவதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஓட்டுநரின் ஊதியத்தில் கழிகிறது. விசாரணைக் கைதியாகச் சிறையிலிருந்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழி செய்திருக்கிறது. கொடிய குற்றவாளிக்குக் கிடைக்கும் அந்த நியாயம், தலைக்கவசம் அணிய மறந்தவருக்கும் உறுதிசெய்யப்பட வேண்டாமா?

உரிமத்தை இழக்கும் நிலையில் உள்ளவர் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவதாக, ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். அதில் எந்தப் பிரிவின்கீழ் நடவடிக்கை என்பது குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து வரும் விளக்கம் கோரும் நோட்டீஸைப் புறக்கணிக்கலாகாது. தம் தரப்பைக் கூற வாய்ப்பளித்த பிறகே உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. எழுத்து மூலம் பதிலளித்து, நேரிலும் சென்று விளக்கலாம். விளக்கம் ஏற்புடையதாக இருந்தால் உரிமத்தைத் திருப்பித் தரவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உரிமத்தை நிறுத்திவைப்பதாக இருந்தால், அதற்கான காரணங்களை விரிவாக எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, அந்த உத்தரவு கிடைத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டில் பிறப்பிக்கப்படும் உத்தரவே இறுதியானது என்பதால், காலக்கெடுவைத் தவறவிடுதல் பேரிழப்பு. நான்காவதாக, தடைக்காலத்தில் உரிமம் தொலைந்துவிட்டதாகக் கூறி நகல் பெற முயல்வதும், வேறு ஊரில் புதிய உரிமம் கோருவதும் புதிய குற்றங்களாகும். ஐந்தாவதாக, உரிமத்தின் செல்லுபடிக் காலம் இடையில் முடிகிறதா என்று கவனிக்க வேண்டும். முடிந்து ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வு எழுத நேரிடும். இரண்டாம் முறையும் பிடிபட்டால் உரிமம் நிறுத்திவைக்கப்படுவதோடு நில்லாமல் அடியோடு ரத்தாகலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

தடைக்காலம் முடிந்ததும் உரிமம் தானாகத் திரும்பிவிடும் என்பது பலரது எண்ணம். 2019-ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வாறு கூறவில்லை. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தால் மட்டுமே உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அத்திருத்தம். கொள்கையளவில் இது வரவேற்கத்தக்கது. தண்டனையைக் கல்வியாக மாற்றும் ஒரே அம்சம் இதுதான். அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகளும் 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆனால், பயிற்சி எங்கே, எந்த நாளில், என்ன கட்டணத்தில் என்பது உத்தரவு வழங்கப்படும் நாளிலேயே தெரியாவிட்டால், மூன்று மாதத் தடை ஓசையின்றி நான்கு, ஐந்து மாதங்களாக நீண்டுவிடும்.

பிரிட்டனில் 3 ஆண்டுகளுக்குள் 12 குறைப்புள்ளிகள் சேர்ந்தால் குறைந்தது 6 மாதத் தடை பொதுவாக விதிக்கப்படுகிறது. குடிபோதையில் ஓட்டித் தடை பெற்றவர், நீதிமன்றம் வாய்ப்பளித்து, மறுவாழ்வுப் பயிற்சியை முடித்தால் தடைக்காலம் நான்கில் ஒரு பங்கு வரை குறையலாம். தடை முடிவதற்கு 56 நாள்களுக்கு முன்பே மறுவிண்ணப்பப் படிவத்தை உரிமத் துறையே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் 12 வாரத் தடை. தடை ஓராண்டு அல்லது அதற்கு மேல் எனில் உரிமம் செல்லாததாகி, எல்லாத் தேர்வுகளையும் புதிதாக எழுத வேண்டும். இரண்டு நாடுகளும் கண்டிப்பில் நமக்குக் குறைந்தவை அல்ல. அங்கே ஓட்டுநர் தாம் பள்ளத்தின் விளிம்பை நெருங்குவதைப் புள்ளிக் கணக்கில் முன்கூட்டியே அறிகிறார்; விழுந்தால் ஏறிவரும் படிகளையும் அறிகிறார்.

நம் சட்டத்துக்கும் வலிமை குறைவில்லை. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் சாகசம் செய்ய முயன்று விபத்துக்குள்ளான யூடியூபர் டிடிஎஃப் வாசனின் உரிமம், 2033 அக்டோபர் வரை 10 ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. பிறர் உயிரைப் பணயம் வைக்கும் செயலுக்கு அத்தகைய கடுமை தேவை. குடித்துவிட்டு ஓட்டுபவருக்கும், பள்ளி வாசலில் சீறிப் பாய்பவருக்கும் எவ்விதச் சலுகையும் கூடாது. தம் தலையை மட்டுமே ஆபத்துக்கு உள்ளாக்குபவரையும் பிறர் உயிரை ஆபத்துக்கு உள்ளாக்குபவரையும் ஒரே மூன்று மாதத் தட்டில் வைப்பதுதான் பொருந்தவில்லை.

எனவே, மாநில அரசும் போக்குவரத்துத் துறையும் சில சீர்திருத்தங்களைச் சிந்திக்க வேண்டும். விசாரணை எந்த அலுவலகத்தில், எந்த நாளுக்குள் என்பதை ஒப்புகைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ உரிமம் பெற்று, பல்லாவரத்தில் வாடகைக்குக் குடியிருந்து உழைப்பவர் மீனம்பாக்கம் அலுவலகத்துக்கும் சொந்த ஊர் அலுவலகத்துக்கும் இடையே அலைய நேரக் கூடாது. உரிமம் கைப்பற்றப்பட்ட நாளிலிருந்தே தடைக்காலம் கணக்கிடப்பட வேண்டும். பயிற்சிக்கான நாளையும் இடத்தையும் உத்தரவிலேயே குறிப்பிட்டு, தடைக்காலத்துக்குள்ளேயே விடுமுறை நாள்களிலும் அப்பயிற்சியை நடத்த வேண்டும்.

தகுதியிழப்பு விவரங்களை இணையதளத்தில் கால வரிசைப்படி பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. அதே பதிவில் உரிமம் திரும்பும் நாளும் இடம்பெற்றால், ஓட்டுநருக்குக் கைப்பேசியிலேயே நினைவூட்டல் அனுப்பலாம், இடைத்தரகருக்கு வேலையிராது. இணையவழி விநியோகத் தொழிலாளர்களுக்கெனத் தமிழக அரசு அமைத்துள்ள நல வாரியம், விதிகளையும் உரிமைகளையும் விளக்கும் பயிற்சியைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்கலாம். குறுகிய நேரத்தில் பொருளைச் சேர்ப்பிக்குமாறு நெருக்கும் நிறுவனங்களும் விதிமீறலின் செலவில் பங்கேற்க வேண்டும்; இன்று அந்தச் செலவு முழுவதும் உரிமத்தை இழந்த தொழிலாளியின் தலையில் விழுகிறது.

ஆண்டுதோறும் எத்தனை உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன என்பதோடு, அவற்றில் எத்தனை குறித்த நாளில் திரும்பின, திரும்பியவர்களில் எத்தனை பேர் மீண்டும் பிடிபட்டனர் என்ற மூன்று எண்களையும் ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் வெளியிடட்டும். முதல் எண் உயர்வதால் மட்டும் சாலைகள் பாதுகாப்பாகிவிடுவதில்லை. மூன்றாவது எண் குறைந்தால்தான், இந்தத் தண்டனை உயிர்களைக் காக்கிறது என்று நாம் நம்பலாம்.